ஏழாம் எண் தொட்டி

கிளைப்பேடா துறைமுகம், பிப்ரவரி.
கப்பலின் வயிற்றுக்குள் இறங்குகிறேன்:
தலைவிளக்கு, ஒரு சின்னக் கத்தி, பதினாறு பைகள்.
"பத்து வருட உத்தரவாதம்" என்கிறார்
மேலே வாய்விளிம்பில் நின்றபடி வைதோதஸ்,
காப்பீட்டுக்காரர். இறங்கமாட்டார்.
பூசிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது.

சுவரெங்கும் கொப்புளம்.
அம்மை வார்த்த உடம்பு என்று
அறிக்கையில் எழுத முடியாது.
அளவு நான்கு, அடர்த்தி மிகுதி.
அப்படித்தான் எழுத வேண்டும்.

ஒன்றைக் கீறினேன்.
ஒரு சொட்டு வழிந்து கையுறையில் நின்றது.
பூச்சில் ஓட்டையில்லை, விரிசலில்லை.
அடியில் உப்பு இருந்தால் போதும்,
தண்ணீர் வழி கேட்காமல் வந்து சேரும்.
உப்பை அது மறந்ததே இல்லை.
பெயர்த்த செதிலின் முதுகில்
மெல்லிய செந்துரு.
பூசும்போதே எஃகு ஈரமாயிருந்திருக்கிறது.

ஆய்வகத்தில்
செதிலைப் பிசினில் புதைத்து
அறுத்து, தேய்த்து, மெருகேற்றி
நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறேன்.
இந்த ஊர்க் கடைத்தெருவில்
கொசு அகப்பட்ட அம்பரை விற்பார்கள்.
என் கடையும் அதேதான். கூட்டம்தான் இல்லை.

பிறகு பணிப்பதிவேடு.
நவம்பர் ஒன்பது: காற்று எட்டு, எஃகு ஏழரை,
ஈரப்பதம் எழுபத்தெட்டு.
நவம்பர் பத்து: காற்று எட்டு, எஃகு ஏழரை,
ஈரப்பதம் எழுபத்தெட்டு.
பதினொன்றும் அப்படியே.
ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு,
ஒரே மூச்சில் எழுதிய மூன்று இரவுகள்.
பத்தாம் தேதி இரவு
பலங்காவில் இறங்க முடியாமல்
இரண்டு விமானங்கள் ரீகாவுக்குத் திரும்பின.
மூடுபனி.
அது எப்படியோ தொட்டிக்குள் மட்டும் வரவில்லை,
பேனா சொல்கிறது.

மறுநாள் மீண்டும் இறங்கினேன்.
முப்பத்தொன்றாம் விலா எலும்புக்கு அருகே
தோள் உயரத்தில்
வேறு மாதிரி ஒரு கூட்டம்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
உள்ளங்கை.
விரல்கள் விரிந்து,
ஒவ்வொன்றிலும் கொப்புளம் வரிசையாக.
வியர்வையின் உப்பு
பூச்சுக்கு அடியில் கிடந்து
பதினான்கு மாதத்தில் ஊதிப் பெருத்த ஒரு வலக்கை.
ஆள்காட்டி விரல் மட்டும்
முதல் கணுவோடு நின்றிருந்தது.

"அகப்பட்டான்!" என்றார் வைதோதஸ் படத்தைப் பார்த்து.
"முதல் பக்கத்தில் போடுங்கள், ஸ்கைஸ்தே.
கையுறை போடாத தொழிலாளி.
மனிதக் கவனக்குறைவு. முடிந்தது கதை."

உணவகத்தில்
பீட்ரூட் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார் எய்முந்தஸ்.
கரண்டியைச் சுற்றிய மூன்றரை விரல்.
என் பார்வை போன இடத்தை அவர் பார்த்தார்.
"மரம் அறுக்கும்போது போனது" என்றார், நான் கேட்காமலே.
கொஞ்ச நேரம் கழித்து,
"கருவியில் பேட்டரி இல்லை அன்று.
கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன்.
சுவர் வேர்த்திருந்தது. சொன்னேன்."
"யாரிடம்?"
சூப்பை ஊதினார்.
ஆறிப்போன சூப்பு அது.

இரவு கணக்குப் போட்டேன்.
கை: பூச்சியம் புள்ளி பூச்சியம் இரண்டு சதுர மீட்டர்.
கொப்புளம் கண்ட பரப்பு: நானூற்றுப் பன்னிரண்டு.
இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்தேன்.
அதன் கீழே மூன்று இரவின் எண்கள்.
அதன் கீழே வானிலை நிலையத்தின் தாள்.
பெயர் எதுவும் எழுதவில்லை;
பேனாவின் நிறத்தை மட்டும் எழுதினேன்.

வைதோதஸ் இருமுறை தொலைபேசினார்.
எடுக்கவில்லை.

திங்களன்று மணல்வீச்சு தொடங்குகிறது.
அந்தக் கையும் மற்றதோடு தூளாகி
சாக்கில் போய்ச் சேரும்.
சுண்டுவிரல் நுனியை மட்டும்
முன்பே பெயர்த்து எடுத்துவந்தேன்.
மற்ற பைகளில் விலா எண், உயரம், தேதி.
கடைசிப் பையில்:
மாதிரி பதினாறு.
ஒருவர் தொட்டுப் பார்த்த இடம்.